வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளை வளாகங்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவில் கிளை வளாகங்கள் திறப்பதைப் பற்றி அண்மையில் நீங்கள் எழுதிய கட்டுரையில், அதை அவசரப்பட்டுக் கொண்டாட வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் மாணவர்களின் பெற்றோர் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் அனுப்புகிறார்கள். அதே பட்டம் இங்கேயே கிடைத்தால் தங்கும் செலவும் விசாக் கவலையும் மிச்சமாகுமே? போட்டி வந்தால் நம் பல்கலைக்கழகங்களின் தரமும் உயரத்தானே செய்யும்? இந்த ஆண்டு இளங்கலை முடிக்கும் என் மாணவி ஒருத்தி இப்படியொரு வளாகத்தில் முதுகலைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள பேராசிரியருக்கு,

வணக்கம். வீட்டுப் பத்திரத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை யாரும் மறுக்க முடியாது. 2024இல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல் என்று வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மறுபுறம், இந்தியாவுக்கு வந்து படித்த வெளிநாட்டு மாணவர்கள் 2021–22ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி 46,878 பேர்தான். நம் பக்கத்திலிருந்து மாணவர்களும் பணமும் போய்க்கொண்டே இருக்க, வருகிறவர்கள் மிகச் சிலராக இருக்கும் இந்த நிலையை மாற்ற எடுக்கப்படும் எந்த முயற்சியையும் நான் எதிர்க்கவில்லை. கிளை வளாகங்கள் வரட்டும். என் தயக்கம் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது. ஒரு கிளை வளாகத்தில் எந்தப் பாடம் நடக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது மூட வேண்டும் என்ற முடிவுகள் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கூடும் ஆட்சிக்குழுவில் எடுக்கப்படுகின்றன. அந்த முடிவின் விளைவு மட்டும் இங்கே பணம் கட்டிப் படிக்கும் மாணவரின் தலையில் விழுகிறது. இதை ஈடுகட்ட வேண்டிய பொறுப்பு வளாகத்தை வரவேற்கும் அரசுடையது. அந்தப் பொறுப்பை அரசு எவ்வளவு ஏற்கிறது என்பதை வைத்தே நான் இந்தத் திட்டத்தை மதிப்பிடுகிறேன்.

சிங்கப்பூரின் அனுபவத்தைப் பாருங்கள். தன்னை உலகின் கல்விக்கூடமாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று 2002இல் அந்த நாடு திட்டமிட்டது. 2015க்குள் ஒன்றரை லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்பது இலக்கு. அரசின் பொருளாதார வளர்ச்சிக் கழகமே பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களைத் தேடிச் சென்று அழைத்தது. அப்படி வந்தவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம். ஒரு நாள் பதினைந்தாயிரம் மாணவர்கள் படிக்கப்போகும் முழுப் பல்கலைக்கழகம் என்ற அறிவிப்போடு 2007இன் தொடக்கத்தில் அது வகுப்புகளைத் தொடங்கியது. முதல் பருவத்தில் எதிர்பார்த்த எண்ணிக்கையில் பாதி அளவே, அதாவது 148 பேரே சேர்ந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஜூன் இறுதியோடு வளாகம் நின்றுபோனது. மாணவர்களுக்கு சிட்னியில் இடமும் உதவித்தொகையும் தருவதாகப் பல்கலைக்கழகம் சொன்னது. அது நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் படிக்கலாம் என்பதற்காகவே அந்த வளாகத்தைத் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு சிட்னியில் ஓர் இடம் எந்த அளவுக்கு உதவும்? உங்கள் மாணவியை அந்த 148 பேரில் ஒருத்தியாக நினைத்துப் பார்த்தால் நான் ஏன் தயங்குகிறேன் என்பது புரியும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளியும் பின்னர் சிங்கப்பூரிலிருந்து வெளியேறியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப்பள்ளி தன் வகுப்புகளை ஹாங்காங்குக்கு மாற்றிக்கொண்டது.

இவை வந்தவர்களே கிளம்பிய கதைகள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் (என்யூஎஸ்) சேர்ந்து நடத்திய யேல்–என்யூஎஸ் கல்லூரியை முடித்துவைத்தது உள்நாட்டுப் பங்காளி. 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்த அந்தக் கல்லூரி, கலையும் அறிவியலும் கலந்த பாடத்திட்டத்துக்காக ஆசியா முழுவதும் பேசப்பட்டது. 2021 ஆகஸ்டில், புதிய கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களில், அது மூடப்பட்டு வேறொரு கல்லூரித் திட்டத்தோடு இணைக்கப்படும் என்று அறிவித்தார்கள். முன்பே சேர்ந்திருந்தவர்கள் படிப்பை முடிக்க 2025 வரை அவகாசம் தரப்பட்டது உண்மை. ஆனால் முடிவை எடுப்பதற்கு முன் மாணவர்களையோ ஆசிரியர்களையோ கேட்கவில்லை என்ற மனக்குறை கடைசி வரை ஆறவில்லை. 2025 மே மாதத்தில் அந்தக் கல்லூரி நூலகத்தின் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக மறுசுழற்சி லாரியில் ஏற்றப்பட்டன. முன்னாள் மாணவர்கள் ஓடிவந்து அவற்றில் சிலவற்றையாவது காப்பாற்ற முயன்றார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. திறப்பு விழாவுக்கு இரண்டு நாடுகளின் பெரிய மனிதர்களும் வந்த ஒரு நிறுவனம், முடியும்போது தன் புத்தகங்களுக்குக்கூட ஓர் ஏற்பாடு இல்லாமல் முடிந்தது எனக்குப் பெரிய வேதனை.

பணப் பற்றாக்குறைதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். கத்தாரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2003 முதல் பொறியியல் கற்பித்து வருகிறது. அதன் செலவைக் கத்தார் அறக்கட்டளை ஏற்கிறது. இருந்தும் 2024 பிப்ரவரியில் டெக்சாஸில் கூடிய ஆட்சிக்குழு, அந்தப் பிராந்தியத்தின் நிலையின்மையைக் காரணம் காட்டி, 2028க்குள் வளாகத்தை மூட வாக்களித்தது.

மலேசியாவின் கதை வேறு. அதை நம்மில் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1971க்குப் பின் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் மலாய் மக்களுக்கு ஒதுக்கீடு விரிவடைந்தபோது, சீனக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகளின் உயர்கல்விக்கு வெளிநாட்டையே நம்ப வேண்டியிருந்தது. 1980இல் பிரிட்டன் வெளிநாட்டு மாணவர்களிடம் முழுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அந்த வழியும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாமல் போனது. அப்போதுதான் முதல் ஓரிரு ஆண்டுகள் கோலாலம்பூரிலும் மீதி ஆண்டுகள் வெளிநாட்டிலும் படிக்கும் இரட்டை ஏற்பாடுகள் பிறந்தன. 1996இல் தனியார் உயர்கல்விக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஆசிய நிதி நெருக்கடியில் ரிங்கிட் சரிந்ததும், மீதி ஆண்டுகளுக்குக்கூட வெளிநாடு போக முடியாத மாணவர்களுக்காக, மூன்று ஆண்டுகளையும் உள்நாட்டிலேயே முடிக்கும் ‘மூன்று கூட்டல் பூஜ்யம்’ முறையை அரசு அனுமதித்தது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் 1998இலும் பிரிட்டனின் நாட்டிங்காம் 2000இலும் வளாகம் திறந்தன. இரண்டும் இன்றும் நடக்கின்றன.

அவை நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உள்ளூர்ப் பங்காளிகள் பெருந்தொகை முதலீடு செய்து, லாப நட்டத்தில் கூடவே நின்றார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டுப் பிள்ளைகள் என்பதால், வெளியிலிருந்து மாணவர்கள் வருவார்களா என்ற ஊகத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. சட்டமும் தர மதிப்பீட்டு அமைப்பும் பெயரளவில் நின்றுவிடவில்லை. மொனாஷின் மருத்துவ மாணவர்கள் ஜொகூர் பாருவின் அரசு மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள். அந்த வளாகம் நாட்டின் மருத்துவ அமைப்போடு பின்னிப் பிணைந்துவிட்டது. அப்படிப் பிணைந்த ஒன்றை, தாய் வளாகம் இருக்கும் மெல்போர்னில் எடுக்கும் ஒரே முடிவால் பிய்த்தெடுப்பது எளிதல்ல.

இனி நம் விதிகளுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2023 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறையின்படி, உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள், மொத்தமாகவோ ஏதேனும் ஒரு துறையிலோ, இருக்கும் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் அமைக்கலாம். கட்டணத்தையும் சேர்க்கை முறையையும் அதுவே முடிவு செய்துகொள்ளலாம். இட ஒதுக்கீடு கட்டாயமில்லை. குழுவின் முன் அனுமதி இல்லாமல் எந்தப் படிப்பையும் நிறுத்தக் கூடாது, வளாகத்தையும் மூடக் கூடாது. அப்படி நேர்ந்தால் மாணவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்வது தாய்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. இந்தப் பிரிவை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த மாற்று எங்கே, யார் செலவில், எவ்வளவு காலத்துக்குள் என்பதெல்லாம் விரித்துச் சொல்லப்படவில்லை. சிங்கப்பூரில் கிடைத்த சிட்னி இடமும் ஒரு மாற்றுத்தானே?

எந்தப் பாடங்கள் வருகின்றன என்பதையும் கவனியுங்கள். இந்த ஒழுங்குமுறையின் கீழ் முதலில் வந்த சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025 ஆகஸ்டில் குருகிராமில் வகுப்புகளைத் தொடங்கியது. கடலியலில் உலகம் மதிக்கும் பெயர் அதற்கு உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரையும், மீனவர்களும், புயல்களும், கரை அரிப்பும் உள்ள தமிழ்நாட்டுக்கு அவர்களிடமிருந்து எவ்வளவோ கற்றுக்கொள்ள இருக்கிறது. குருகிராமிலோ வணிக மேலாண்மை, கணக்கியல், பொருளியல், கணினி அறிவியல் ஆகியவற்றோடுதான் தொடங்கியிருக்கிறார்கள். தனி விதிகள் கொண்ட நிதிச் சேவை மண்டலமான குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் 2024இல் வளாகம் திறந்த ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகமும் வணிகப் பகுப்பாய்வு, இணையப் பாதுகாப்பு ஆகிய முதுகலைப் படிப்புகளோடுதான் வந்தது. ஆய்வகம், கப்பல், வயல், மருத்துவமனை எதுவும் தேவைப்படாத, வாடகைக் கட்டடத்திலேயே நடத்திவிடக்கூடிய பாடங்கள் இவை. அவற்றைக் குறைவாக மதிப்பிடவில்லை. நீங்கள் கற்பிக்கும் துறையும் அவற்றில் அடங்கும். ஆனால் எளிதாகத் தொடங்கக்கூடியதை எளிதாக நிறுத்திவிடவும் முடியும். நம்மிடம் இல்லாத அறிவைக் கொண்டுவருவதற்காகத்தான் கதவைத் திறக்கிறோம் என்றால், எந்த அறிவு வேண்டும் என்று கேட்கும் உரிமையை அனுமதி தரும்போதே பயன்படுத்தியிருக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் மும்பையோடு சென்னையையும் தேர்ந்தெடுத்திருக்கிறது. தமிழ்நாடு அரசு அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான்.

போட்டியால் தரம் உயரும் என்கிறீர்கள். சம வசதிகள் உள்ள இருவருக்கிடையே அது நடக்கும். ஒரு தரப்பு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டணம் வாங்கி, விரும்பிய சம்பளத்தில் விரும்பிய ஆசிரியரை நியமிக்கிறது. மறு தரப்பான மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்ற ஒருவரின் இடத்தை நிரப்பக்கூட ஆண்டுக்கணக்கில் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே துறைகளை ஓட்டும் அவலத்தை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். இந்த நிலையில் போட்டி வந்தால், மிச்சமிருக்கும் நல்ல ஆசிரியர்கள் அங்கே போவார்கள். கட்டணம் கட்ட முடிந்த மாணவர்களும் போவார்கள். தரம் உயர வேண்டுமானால் காலியிடங்களை நிரப்பி, ஆய்வுக்குப் பணம் ஒதுக்கி, நம் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டு ஆசிரியர்களை அழைக்கவும் வெளிநாட்டு மாணவர்களுக்கு விடுதி தரவும் வழிசெய்ய வேண்டும்.

இந்தக் கேள்விகளை நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. சென்னை ஐஐடி 2023இல் தான்சானியாவின் சான்சிபார் தீவில் தன் வளாகத்தைத் தொடங்கியது. ஐஐடி ஒன்று நாட்டுக்கு வெளியே அமைத்த முதல் வளாகம் அது. முதல் படிப்புகள் தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும். அங்குள்ள ஓர் ஆசிரியர் நீங்கள் எனக்கு எழுதியதைப் போன்ற கடிதத்தை இன்று எழுதிக்கொண்டிருக்கலாம். அங்கே நாம் தாய்ப் பல்கலைக்கழகத்தின் இடத்தில் இருக்கிறோம். அந்த மாணவர்களுக்கு நாம் எத்தகைய உறுதி தருகிறோமோ, அதைவிடக் குறைவான உறுதியை இங்கே வருகிறவர்களிடமிருந்து ஏற்றுக்கொள்ளக் கூடாது.

உங்கள் மாணவி விண்ணப்பிக்கட்டும், அவளைத் தடுக்காதீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த வளாகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். தாய் வளாகத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் குறைந்தது ஒரு பருவமாவது இங்கே தங்கிக் கற்பிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது; அவளுடைய படிப்பில் எத்தனை பேர் அப்படி வருகிறார்கள் என்று கேட்கட்டும். படிப்பு இடையில் நின்றால் அவளுக்குத் தரப்படும் மாற்று இந்தியாவிலேயே இருக்குமா, வெளிநாடு போக வேண்டியிருந்தால் பயணத்தையும் தங்கும் செலவையும் யார் ஏற்பார்கள், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்றும் கேட்கட்டும். ஏஜென்ட் வாய்மொழியாகத் தரும் உறுதியை நம்ப வேண்டாம். பல்கலைக்கழகமே எழுத்தில் தெளிவாகப் பதில் தந்தால் சேரலாம். அந்தப் பதிலின் நகலை அவள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டாலோ, பிரசுரத்தில் உள்ள வாசகங்களே திரும்ப வந்தாலோ, அந்த ஆண்டுக்கு வேறு கல்லூரியைப் பார்ப்பது நல்லது. எந்தப் பதில் வந்தாலும் எனக்கும் எழுதுங்கள். அவள் சம்மதித்தால், பெயர் இல்லாமல் இங்கே வெளியிடுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய மற்றப் பெற்றோருக்கும் அது உதவும்.

அன்புடன்.