7 வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்க என்ன செய்யலாம்?

மகள் இரண்டாம் வகுப்பு, கணக்கு என்றாலே எழுந்து ஓடுகிறாள், ஆப்பும் வீடியோவும் வேண்டாம், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு வாண்டுகள். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் யுகேஜி. சென்னையில் இரண்டாவது மாடி, தோட்டம் துரவு எதுவும் கிடையாது. அதனால் அடுப்படியிலும் கூடத்திலும் நடக்கிற காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலையாக ஒரு ஜோடி தாயக்கட்டை வாங்குங்கள். ஆக்டிவிட்டி கிட் என்று அட்டைப்பெட்டியில் போட்டு விற்பதில் பாதி விலைகூட ஆகாது. ஒவ்வொரு கட்டையிலும் நான்கு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் காலி. இரண்டிலும் காலி விழுந்தால் பன்னிரண்டு. ஒன்று விழுந்தால்தான் தாயம், தாயம் போட்டால்தான் காய் இறங்கும். சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டுக்கொண்டால் போதும். கூட்டல் தானாக வந்துவிடுகிறது, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ருசியான விஷயம் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

சில நாள் ஆடிய பிறகு ஒரு தாளில் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று எழுதி ஒட்டி, விழுகிற எண்ணுக்கு நேரே கோடு போடச் சொல்லுங்கள். நிறைய கோடு சேர்ந்ததும் 3 முன்னால் போயிருக்கும், 6-ம் 12-ம் பின்தங்கியிருக்கும். ஏன் என்று பெரியவள் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் இரண்டு கட்டையையும் கையில் கொடுத்து, மூன்று எப்படியெல்லாம் வரும் என்று வைத்துப் பார்க்கச் சொன்னேன். காலியும் மூன்றும், ஒன்றும் இரண்டும், அப்புறம் அதையே கட்டை மாற்றி: நான்கு வழி. ஆறுக்கு மூன்றும் மூன்றும் என்ற ஒரே வழிதான். மொத்தம் 16 விதமாக விழலாம், அதில் தாயத்துக்கு இரண்டு, அதாவது எட்டில் ஒரு பங்கு. நிகழ்தகவு என்ற பெயரில் மேல்வகுப்பில் வரும் பாடம் இது. அந்தப் பெயரை நான் வாயிலேயே எடுக்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டது வேறு: “அப்பா, உங்க காய் மூணு கட்டம் பின்னாடி நின்னா நான் அங்க நிக்க மாட்டேன், வெட்டிடுவீங்க.”

சின்னவன் வயதுக்குப் பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. பலகை இல்லாவிட்டால் முட்டை வைக்கும் அட்டைத் தட்டிலிருந்து பதினான்கு குழி வெட்டி, ஏழு ஏழாக இரண்டு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்கிற முறையில் நாங்கள் ஆடுகிறோம் (ஊருக்கு ஊர் ஆட்ட முறை மாறும், உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சண்டை நிச்சயம்). பசுவை எதிராளி கவனிக்கும் முன் எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில், எண்ணாமலே நான்கைக் கண்டுகொள்ள அவனுக்குப் பழகிவிட்டது. ஃப்ளாஷ் கார்டு காட்டி இதை வரவழைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாய்ப்பாட்டுக்குக் கோலம். ஏழு புள்ளி ஏழு வரிசை வைத்தால் 49, அது அவளுக்குத் தெரிந்ததுதான். அடுத்து ஊடுபுள்ளி, சில வீடுகளில் இடுக்குப் புள்ளி என்பார்கள். நடுவில் ஏழு வைத்து, இரண்டு பக்கமும் ஆறு, ஐந்து என்று ஒன்று வரை இறக்கினால் மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். அதுவும் 49. ஐந்தில் தொடங்கினால் 25, நான்கில் தொடங்கினால் 16. ஒரே எண் எப்படி வருகிறது என்று குழம்பட்டும், விட்டுவிடுங்கள். பிறகு சதுரப் புள்ளி வைத்த தாளை முனை கீழே வரும்படி சாய்த்துக் காட்டினால் போதும், அந்தச் சதுரமேதான் ஊடுபுள்ளியாக நிற்கும். நாங்கள் இதைத் தாளில்தான் செய்தோம். வாசலில் போட்டால் லிஃப்டுக்கு வருகிறவர்கள் மிதித்துவிடுகிறார்கள்.

அறிவியலுக்கு அடுப்படி போதும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். சோப்புத் தண்ணீரில் பஞ்சுக்குச்சியைத் தொட்டு அதன்மேல் எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் மறுபடி மஞ்சள். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால். சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் வரும் நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. பழைய துணி போட்டுக்கொண்டு உட்காருங்கள், மஞ்சள் கறையைப் பற்றி வீட்டில் யார் யாரைத் திட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். இட்லி மாவையும் விடாதீர்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, மணிக்கொரு தரம் எவ்வளவு ஏறியது என்று அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை. இன்னொரு பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒப்பிட வசதி.

சென்னையில் இருந்தால் இன்னொன்று. ஏப்ரல் 24-ஐ ஒட்டி, நண்பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மொட்டை மாடியில் நிமிர்த்தி வைத்த பாட்டிலுக்கு நிழலே விழாது. தெற்கே போகப் போக இந்த நாள் முன்னதாகவே வந்துவிடும். ஆகஸ்ட் 18 வாக்கிலும் வரும், மேகம் வழிவிட்டால் பார்க்கலாம்.

படிக்க: பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், படிக்கும் திறனை வைத்து நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள், உங்கள் மகளுக்கு இரண்டாம் நிலையில் தொடங்குங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழ் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு. கையால் செய்து பார்க்க, கழிவுப் பொருளில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் தளம். தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் வைத்து முக்கோணம், சதுரம் செய்வதை அதில் பாருங்கள். சதுரம் அமுக்கினால் சாயும், முக்கோணம் அசையாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இணையத்தில் கொட்டிக்கிடக்கும் ஒர்க்‌ஷீட்டுகளைப் பற்றி என் கருத்து: பிரிண்டர் மைதான் தீரும்.

ஒரே ஒரு கண்டிப்பு. ஆட்டத்தின் நடுவே “ஐந்தும் ஏழும் எத்தனை, சொல்லு” என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த நொடியில் அது டியூஷன் ஆகிவிடும், அவளும் எழுந்து ஓடிவிடுவாள். நீங்களும் ஜெயிக்கத்தான் ஆட வேண்டும். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தோற்றால் அழுகிற ரகம் என்றால் ஆட்டத்தையே கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். தாயத்தில் அவளுக்கு நான்கு காய், உங்களுக்கு ஆறு. அவள் தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்ததும் அவள் காயை ஐந்தாக்கலாம், எப்போது என்பதை அவளே சொல்லட்டும்.