நெருப்புத் தொண்டை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

போன மாதம் கோஸ்டா ரிகாவின் தலமாங்கா மலைக்குப் போயிருந்தோம். ஹம்மிங்பேர்ட்களைப் படமெடுக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினேன். நெருப்புத்தொண்டை ஹம்மிங்பேர்ட் பத்தடி தூரத்தில் வந்து உட்கார்ந்தது. கண்ணுக்குத் தணல் மாதிரி தெரிந்த தொண்டை, படத்தில் கரியாக விழுந்திருக்கிறது. முந்நூறு படங்களில் தேறியது மூன்று. அதிலும் ஒன்றில் நெற்றி மட்டும்தான் நீலமாக மின்னுகிறது; அதையும் அழித்துவிடலாம் என்றிருக்கிறேன். இணையத்தில் பார்க்கும் படங்களெல்லாம் கணினியில் நிறம் ஏற்றியவையா? மாணிக்கம், மரகதம் என்று இந்த இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, இதற்கு நீங்கள் எந்தக் கல்லைச் சொல்வீர்கள்?

கா.

அன்புள்ள கா.,

நிறம் ஏற்றத் தேவையில்லை. உங்கள் கேமராவிலும் குறையில்லை. அந்தத் தொண்டையில் ஆரஞ்சு நிறமி என்று எதுவுமே கிடையாது. இறகை அரைத்துப் பார்த்தால் கரும்பழுப்புத் தூள்தான் மிஞ்சும். இறகின் நுண்ணிய கிளைகளுக்குள் மெலனின், அதாவது நம் முடிக்கும் கருமை தரும் நிறமி, தட்டையான தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகள். அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு நிறத்தைப் பெருக்குகிறது, மற்றதை அணைத்துவிடுகிறது. அடுக்கின் கனம் கொஞ்சம் மாறினால் செம்பு நிறம் பச்சையாகிவிடும். கிராஃபோர்ட் கிரீன்வால்ட் என்ற வேதிப்பொறியாளர் ஹம்மிங்பேர்ட்களைப் படமெடுப்பதில் பித்துப்பிடித்து அலைந்தவர். இந்தக் குமிழிக் கணக்கை 1960-இல் விளக்கியவர்களில் அவரும் ஒருவர்.

கல் விஷயத்துக்கு வருகிறேன். மாணிக்கத்தின் சிவப்பு, கல்லுக்குள் கலந்திருக்கும் குரோமியத்தால் வருவது. எந்தப் பக்கம் திருப்பினாலும் மாணிக்கம் சிவப்புதான். நீலக்கல்லுக்கு இரும்பும் டைட்டானியமும். இந்தப் பறவையோ தலையை ஒரு விரற்கடை திருப்பியதும் அணைந்துவிடுகிறது. அப்படி நடந்துகொள்ளும் கல் ஓபல். அதன் உள்ளே நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. நிறத்தைத் தருவது அந்த ஒழுங்குதான். அதிலும் ஆஸ்திரேலியாவின் லைட்னிங் ரிட்ஜில் கிடைக்கும் கறுப்பு ஓபலைத்தான் நான் சொல்வேன். அடித்தளம் இருண்டிருப்பதால் அதில் தீ துலங்கித் தெரியும். இறகிலும் அந்த வேலையை மெலனின் செய்கிறது. பெயர் வைத்தவர்கள் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்ட் இந்தப் பறவைகளை ஓவியமாக அச்சிட்டபோது, தங்கத் தகடு ஒட்டி அதன்மேல் வண்ணம் பூசச் செய்தார். 1851-இல் லண்டனில் பாடம்செய்த ஹம்மிங்பேர்ட்களைக் காட்சிக்கு வைத்தவர் அவர். உயிருள்ள ஒன்றை முதன்முதலில் பார்த்ததோ 1857-இல், அமெரிக்காவில். அதை நினைக்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்யும்.

சரி, படமெடுப்பது. அதே தலமாங்கா மலைத்தொடரின் செர்ரோ டி லா முவெர்த்தே சிகரத்தில், மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் நான்கு மணி நேரம் ஒரே கிளையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மற்ற பறவைகளை விரட்டிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் நெருப்புத்தொண்டை அதே குச்சிக்குத்தான் வந்தது. பக்கவாட்டில் கருப்பு. நேருக்கு நேர் திரும்பி, நான் சற்றே மேலிருந்து பார்த்த நொடியில் தொண்டையின் நடுவில் செம்பு, சுற்றிலும் மஞ்சள், ஓரத்தில் பச்சை. அப்புறம் மறுபடி கருப்பு. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி ஷட்டர் வேகம் தாராளம். படத்தில் பதியும் வெளிச்சத்தை (எக்ஸ்போஷர்) முக்கால் ஸ்டாப் அளவு குறைத்து வையுங்கள். இல்லையென்றால் சிவப்பு வெந்துபோய் இறகின் செதில்கள் தெரியாது. வெயில் இருந்தால் அது உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மூடுபனி இருந்தால் இன்னும் நல்லது, ஒளி பல திசையிலிருந்தும் விழுவதால் நிறம் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும்.

நான்கைந்து ஃப்ளாஷ் வைத்துச் சிறகை உறையவைத்து எடுக்கும் படங்களில் துல்லியம் அபாரம். ஆனாலும் நான் அப்படி எடுப்பதில்லை. எல்லாப் பக்கமும் ஒளி நிரம்பிவிட்டால் அந்த அணைவதும் எரிவதும் போய்விடுகிறது. எனக்கு வேண்டியதே அதுதான்.

நெற்றி மட்டும் நீலமாக மின்னும் படத்தைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். உச்சந்தலையின் நீலம் ஒரு கோணம், தொண்டையின் தீ வேறொரு கோணம். ஒன்று எரியும்போது மற்றது அணைந்திருப்பதை அதில் பிடித்திருக்கிறீர்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.