ஏற்காட்டு பீன்ஸும் ரைசோபியம் பாக்கெட்டும்

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் அரை ஏக்கரில் பீன்ஸ் போட்டிருக்கிறேன். சேலத்தில் ரைசோபியம் (வேரில் முடிச்சு போட்டு, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா) வாங்கி விதையில் கலந்துதான் விதைத்தேன். பூ எடுக்கும் நேரத்தில் இலையெல்லாம் வெளுத்து நிற்கிறது. அதே கடையில் வாங்கிய மச்சானுக்கு வாழப்பாடியில் உளுந்து செழிப்பாக இருக்கிறது. எனக்குக் கொடுத்தது போலியா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முதலில் காலி பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். எந்தப் பயிருக்கு என்று அதில் போட்டிருக்கும். உளுந்துக்கான பாக்டீரியா பீன்ஸுக்கு உதவாது. பீன்ஸுக்குத் தனி இனம் உண்டு. பயிரைச் சொல்லிக் கேட்டும் மாற்றிக் கொடுத்திருந்தாலோ, காலாவதியானதை விற்றிருந்தாலோ, பில்லோடு போய்த் தாராளமாகப் பணம் கேளுங்கள். மசியவில்லை என்றால் வட்டார வேளாண் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ரைசோபியம் போன்ற உயிர் உரங்களும் 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகின்றன. நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் எனக்கு மண் மேல்தான் சந்தேகம். மலை மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மண் அமிலமாகி, அதன் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும், பாக்டீரியாவும் பிழைப்பது கஷ்டம். நல்ல பாக்கெட்டாக இருந்தாலும் அங்கே வீண்தான்.

ஒரு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரில் பாக்டீரியா போட்ட முடிச்சு விரல் பட்டாலே உதிர வேண்டும். உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழு என்ற நுண்புழுவின் வேலை. முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையோ பச்சையோ என்றால் வேலை செய்யவில்லை.

அடுத்த போகத்துக்கு முதல் செலவு மண் பரிசோதனையாக இருக்கட்டும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். மண்ணின் அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்போ டோலமைட்டோ (மக்னீசியமும் உள்ள சுண்ணாம்புக்கல்) அறிக்கை சொல்லும் அளவுக்கே வாங்குங்கள், பக்கத்துத் தோட்டக்காரர் போட்ட அளவைப் பார்த்து வேண்டாம். மாவாக அரைத்ததே சீக்கிரம் வேலை செய்யும். விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள்.

அப்புறம் பாக்கெட். பால் வாங்குகிற மாதிரி தேதி பார்த்து வாங்குங்கள், உள்ளே இருப்பது உயிர். வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வேண்டவே வேண்டாம். ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதையுங்கள். பூஞ்சாணக் கொல்லி போடுவதானால் அது முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும்.

இப்போது நிற்கும் பயிருக்கு இனி ரைசோபியம் வாங்க வேண்டாம். பீன்ஸ் இயல்பாகவே உளுந்து அளவுக்குத் தழைச்சத்தைப் பிடிக்காது. வெளுப்புக்குத் தழைச்சத்துக் குறைதான் காரணமா என்று தோட்டக்கலை அலுவலரிடம் ஒரு செடியைக் காட்டிவிட்டு, அவர் சொல்லும் அளவில் மேலுரம் கொடுங்கள்.