கொழுத்த கிடாய்கள் மட்டும் ஏன் செத்தன?

கேள்வி: ஒட்டுசுட்டானில் 23 ஆடுகள் வளர்க்கிறேன். மாசி அறுவடை முடிந்ததும் பக்கத்து வயலில் மேயவிட்டேன். மறுநாள் விடியற்காலை, பட்டியிலேயே கொழுத்த மூன்று கிடாய்கள் கொட்டிலில் செத்துக் கிடந்தன. நான்காவது கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, காலடித்தபடி என் கண்முன்னே உயிரை விட்டது. வயல்காரருக்கும் எனக்கும் வரம்புத் தகராறு இருக்கிறது. நஞ்சு வைத்திருப்பாரா? செத்ததைக் கறிக்கு எடுக்கலாமா?

பதில்: ஐயா, பொலிஸில் முறைப்பாடு கொடுப்பதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நஞ்சு வைப்பவர் கொழுத்த கிடாயாகப் பார்த்து வைக்க முடியாது. ஆனால் இயந்திரம் அறுத்த வயலில், அது திரும்பிய மூலையிலும் மூட்டை கட்டிய இடத்திலும் நெல் குவியலாகச் சிந்திக் கிடக்கும். பலமான ஆடு மெலிந்ததை முட்டித் தள்ளிவிட்டு அங்கே முதலில் வாய் வைக்கும். உங்கள் கிடாய்களைக் கொன்றது அநேகமாக அந்த நெல்தான். இது குடல்நச்சு நோய். தமிழ்நாட்டில் துள்ளுமாரி என்பார்கள்.

குளொஸ்திரிடியம் பெர்பிரின்ஜென்ஸ் என்ற பற்றீரியா மண்ணிலும் நல்ல சுகமான ஆட்டின் குடலிலும் சிறு அளவில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. குழையும் புல்லும் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று நெல் நிறைந்தால், செரிக்காத மாச்சத்து சிறுகுடலுக்கு இறங்குகிறது. பற்றீரியாவுக்கு அது விருந்து. வாய்ப்பான சூழலில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். அதன் டி வகை, எப்சிலன் என்ற நச்சைச் சுரக்கிறது. வெளிவரும்போது அது அரைகுறை நஞ்சுதான். ஆட்டின் சொந்தச் செரிமான நொதியான திரிப்சின் அதில் ஒரு துண்டை வெட்டிய பிறகே முழு வீரியம் வருகிறது. குடற்சுவரைக் கசியவைத்து இரத்தத்தில் ஏறி, மூளையின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது. மூளை வீங்குகிறது. நீங்கள் கண்ட கழுத்து வளைவு அதனால்தான். அந்த நிலையில் எந்த அன்டிபயோட்டிக் மருந்து ஏற்றினாலும் பற்றீரியா சாகுமே தவிர, இரத்தத்தில் கலந்த நச்சு போகாது.

பூச்சிகொல்லி தின்ற ஆடும் இப்படி விழலாம். அதற்கு வாயில் எச்சில் வழியும், கண்மணி சுருங்கும். எதுவென்று உறுதிப்படுத்த, செத்துச் சில மணி நேரத்துக்குள் மிருக வைத்தியர் குடலிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கசிந்திருந்தால் மட்டும் உடலை வெட்டவே வேண்டாம். அது மனிதருக்கும் தொற்றும் அந்திராக்ஸ் நோயாக இருக்கலாம். நீங்களாகக் கத்தியை எடுக்காமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

கறிக்கு எடுக்கவே கூடாது. நான்கு கிடாயின் காசு போனதே என்று மனம் அடித்துக்கொள்ளும், தெரியும். ஆனால் காரணம் தெரியாமல் செத்த உடலில் என்ன இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இதே பற்றீரியாவின் வேறொரு வகைதான், பெரிய கிடாரத்தில் சமைத்து இளஞ்சூட்டில் விட்டுவைத்த இறைச்சிக் கறியைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கிறது. கடின உறைக்குள் உறங்கும் அதன் வித்திகள் கொதிக்கும் கறியிலும் பிழைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள்.

மிஞ்சிய 19 ஆடுகளையும் இன்றே வயலிலிருந்து எடுங்கள். சில நாட்களுக்கு வைக்கோலும் பூவரசங்குழையும் தண்ணீரும் போதும். பிறகு, வைக்கோலால் வயிறு நிறைந்த ஆடுகளை மட்டும் அரை மணி நேரம் விட்டு, பத்து நாட்களில் மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். நெல் குவிந்த மூலைகளை முன்கூட்டியே கூட்டி அள்ளுவது இன்னும் நல்லது. அதற்கு வயல்காரரோடு பேசித்தான் ஆகவேண்டும்.

தடுப்பூசி இருக்கிறது. நான்கு வாரங்கள் இடைவிட்டு இரண்டு ஊசிகள். செம்மறியைவிட வெள்ளாட்டில் அதன் பலன் விரைவில் குறைவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் போட வேண்டும். சினை மறிக்குக் கடைசி மாதத்தில் போட்டால் கடும்புப் பால் வழியாகக் குட்டிக்கும் காப்புக் கிடைக்கும். அடுத்த மாசிக்கு, ஐப்பசிக் கடைசியில் முதல் ஊசியும் கார்த்திகைக் கடைசியில் இரண்டாவதும் போடும்படி வைத்தியரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.