கயிறு கட்டாத குளம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,
தக்கலைப் பக்கம் எங்கள் ஊர்க்குளத்தில் ஞாயிறுதோறும் ஆகாயத்தாமரை அள்ளுகிறோம். 'ஒரே மாதத்தில் குளத்தை மீட்போம்' என்று நோட்டீஸ் கொடுத்தோம். முதல் வாரம் 40 பேர் வந்தார்கள், நான்காம் வாரம் 5 பேர். சான்றிதழ், டிசர்ட் கொடுத்தால் நிற்பார்களா? இந்தக் காலப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லையோ? படம் இணைத்திருக்கிறேன்.
கே.

அன்புள்ள தம்பி,

டிசர்ட்டை விடுங்கள். 'இந்தக் காலப் பிள்ளைகள்' பேச்சையும் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிய எழுந்து வந்த பிள்ளையைப் பேனர் பிடித்து நிற்க வைத்தது யார்? படத்தில் 40 பேருக்கு மூன்றே கொக்கிக் கம்பு. கையில் வேலை இல்லாதவன் விருந்தாளி. விருந்தாளி வாராவாரம் வருவானா?

அதைவிடப் பெரிய தப்பு தண்ணீரில் தெரிகிறது. அள்ளிய இடத்துக்கும் மிச்சச் செடிக்கும் நடுவே தடுப்பே இல்லை. ஆகாயத்தாமரை மிதக்கிற செடி. நம்மூர்க் காற்றுக்கு ஒரு ராத்திரி போதும், ஒதுங்கி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். முதுகொடிய அள்ளிய இடத்தை அடுத்த ஞாயிறு வந்து தேடுவான். இன்னொரு வாரமும் தேடுவான். அப்புறம் வீட்டில் தூங்குவான். அவன்மேல் கோபப்பட உங்களுக்கு என்ன உரிமை?

ஒரு மூலையை மட்டும் எடுங்கள். குறுக்கே 50 அடிக் கயிறு. ஐந்தடிக்கு ஒன்றாக, மூடி இறுக்கிய காலி கேன்களைக் கட்டி மிதக்க விடுங்கள். அள்ள அள்ளக் கயிற்றை உள்ளே தள்ளிக் கட்டுங்கள். போன வாரம் எங்கே நின்றது, இந்த வாரம் எங்கே நிற்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அள்ளியதைக் கரை விளிம்பில் குவிக்காதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர் உள்ள செடி, கனத்திலேயே சரியும். நமக்கோ வருஷத்துக்கு இரண்டு பருவமழை. பத்தடி தள்ளி, வேர் மேலே பார்க்கக் கவிழ்த்துப் பரப்பினால் வெயிலில் சுண்டிவிடும். கடவப்பெட்டியில் அதைச் சுமக்கவே பாதிப்பேர் வேண்டும். கைகட்டி நின்றவர்களுக்கு வேலை ஆச்சு. காலில் புண் உள்ளவர்களையும் அங்கேயே நிறுத்துங்கள், தண்ணீரிலிருந்து புண் வழியாக ஏறும் எலிக்காய்ச்சல் பொல்லாதது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் காலையில் எப்படி வருவார்கள்? அவர்களுக்குச் சாயங்காலம் ஒரு குழு வையுங்கள்.

நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள். விதை சேற்றில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும், திரும்ப முளைக்கத்தான் செய்யும். இதை முதல் நாளே புதியவரிடம் சொல்லிவிட்டுக் கொக்கியைக் கையில் கொடுங்கள்.

அந்த 5 பேரை நினைத்தால்தான் மனசு இளகுகிறது. மூடி மூடிப் போன குளத்துக்கு நாலு வாரமாக வந்திருக்கிறார்கள். கயிறு எந்த இடத்தில் கட்டலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று உங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.