மலைப் பாதைக்கு டிரெயில் பைக்: 200 சிசி போதுமா, 450 வேண்டுமா?

கேள்வி: வேலை மாற்றலாகி கோத்தகிரிக்கு வந்திருக்கிறேன். எஸ்டேட் ரோடு, மண் பாதை, ஊர்க் குறுக்கு வழிகளில் ஓட்ட ஒரு டிரெயில் பைக் வாங்க ஆசை. 200 சிசி மலைக்குத் தாங்குமா, இல்லை நேராக 400, 450 என்று போய்விடலாமா? என் உயரம் 5 அடி 5 அங்குலம். ஆஃப் ரோடு பழக்கம் அதிகம் கிடையாது.

பதில்:

குடியிருப்பது கோத்தகிரியிலேயே என்றால் 200லிருந்து 250 சிசிக்குள் எடுங்கள். இதை நான் தயங்காமல் சொல்வேன். நானும் இந்த மலையிலேயே வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவன்.

மலை என்றாலே பெரிய இன்ஜின் வேண்டும் என்று ஷோரூமிலும் சொல்வார்கள், நண்பர்களும் சொல்வார்கள். பெரிய சிசி உதவுவது மலைக்கு வந்து சேருகிற வரைக்கும் இருக்கும் நாற்கரச் சாலையில்தான். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவந்து, இங்கே இரண்டு நாள் சுற்றிவிட்டு, திரும்பவும் ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு 400க்கு மேல் இருப்பது நியாயம். மணிக்கு 100 கிலோமீட்டரில் மணிக்கணக்காகப் போக வேண்டும், பின்னால் பை வேறு இருக்கும். உங்களுக்கு வாசலைத் தாண்டினாலே மலை. அந்த நெடுஞ்சாலைக்காகச் சேர்த்த எடையை ஒற்றையடிப் பாதையில் நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

ஏறுவதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வண்டி 160 கிலோ, நீங்கள் 75 கிலோ என்று வையுங்கள். ஐந்தடி நகர்ந்தால் ஓரடி ஏறுகிற செங்குத்து. எஸ்டேட் குறுக்கு வழிகளில் இப்படி ஏற்றம் வரும். அதில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏற, அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ மூன்றரைக் குதிரைத்திறன் போதும். சேறு, சரளை, டயர் வழுக்கல் என்று இன்னொரு மடங்கு சேர்த்தாலும் ஏழைத் தாண்டாது. ஹீரோவின் 200 சிசி டிரெயில் பைக்கான எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டியின் திறன் 19 குதிரைத்திறன். டிவிஎஸ் எக்ஸெல் 100க்கு அது நாலரைகூடக் கிடையாது. அதில் மூட்டை வைத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறுகிறவர்களை இனி தினமும் பார்ப்பீர்கள்.

உயரத்தில் இன்ஜின் திணறாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். கொஞ்சம் திணறும். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர், ஊட்டி 2,240, தொட்டபெட்டா 2,637. ஃப்யூவல் இஞ்செக்‌ஷன் வண்டி காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், அதனால் பழைய கார்புரேட்டர் வண்டிபோலக் கரும்புகை கக்காது. ஆனால் இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது. ஆக, 19 குதிரைத்திறன் ஊட்டியில் 15 ஆகிவிடும். 450 சிசி வண்டியின் 40 என்பது 32 ஆகும். முன்னே போட்ட கணக்கில் தேவை ஏழுதான், எனவே 15 தாராளம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று கொடைக்கானல் பக்கம் போனாலும் இதே கதைதான். அங்கும் 2,000 மீட்டரை ஒட்டித்தான் ஓட்டுவீர்கள்.

அப்படியானால் ஏன் சில 200 சிசி வண்டிகள் ஏற்றத்தில் இடறுகின்றன? சிசியைவிட முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது. இன்ஜின் மொத்தமாக எவ்வளவு தருகிறது என்பது ஒன்று, கீழ் ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, எவ்வளவு தருகிறது என்பது வேறு. பாறை மேல் முன்சக்கரம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டு போக முடியாது. 2,500, 3,000 ஆர்பிஎம்மில் தத்தித் தத்தித்தான் போவீர்கள். எக்ஸ்பல்ஸில் பிஸ்டன் விட்டம் 66.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம், 57.5 மட்டுமே. குட்டை ஸ்ட்ரோக் என்பதால் அதன் முழு டார்க், அதாவது சுழற்றும் விசை, 17.35 நியூட்டன் மீட்டர் 6,500 ஆர்பிஎம்மில்தான் வரும். கீழே கொஞ்சம் சோர்வாகத்தான் இருக்கும், கிளட்சைப் பாதி பிடித்து ஓட்டப் பழக வேண்டும். ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411 இதற்கு நேர் எதிர். விட்டம் 78, ஸ்ட்ரோக் 86. நீண்ட ஸ்ட்ரோக். 4,000 ஆர்பிஎம்மிலேயே 32 நியூட்டன் மீட்டர் கொடுத்துவிடும். முதல் கியரில் போட்டு கிளட்சை விட்டால், அது பாட்டுக்கு நடந்து ஏறும். அந்த இழுப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அது 199 கிலோ. புதிய ஹிமாலயன் 450ம் 196 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 4வி 158. கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 வெறும் 139.

இந்த நாற்பது, அறுபது கிலோ ஷோரூம் தரையில் தெரியாது. அரவேனு பக்கம் தேயிலைக்கு நடுவே போகிற பாதையில், ஐப்பசி மழைக்கு அப்புறம் தெரியும். செம்மண் மேல் பாசி படர்ந்து, பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கும். பின்சக்கரம் ஏறியதும் வழுக்கி, வண்டி பள்ளத்துப் பக்கம் படுத்துவிடும். ஹேண்டில்பார் கீழே, சக்கரங்கள் மேலே. அப்படியே தூக்கப் பார்த்தால் முதுகுதான் போகும். முதலில் வண்டியைத் தரையோடு இழுத்துச் சுற்றி, சக்கரம் இரண்டும் பள்ளத்துப் பக்கம் வருமாறு திருப்ப வேண்டும். கியரில் போட்டுவிட்டால் உருளாது. அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியையும் பிடித்து, காலால் தள்ளிப் பின்னால் நடக்க வேண்டும். 158 கிலோ வண்டியைச் சுமாரான உடம்புள்ள ஒருவர் இப்படித் தனியாக நிமிர்த்திவிடலாம். ஆனால் 199 கிலோ, அதுவும் கிராஷ் கார்டு, பெட்டி எல்லாம் மாட்டியிருந்தால், யாராவது அந்த வழியாக வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விழாமல் பழக முடியாது என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொன்று, திருப்புவது. கோத்தகிரித் தோட்டங்களில் காட்டெருமை சகஜம். வளைவு திரும்பினால் பாதையை மறித்துக்கொண்டு நிற்கும். ஹாரன் அடிக்காமல், இன்ஜினை உறுமவிடாமல், வந்த வழியே போய்விட வேண்டும். நான்கடிப் பாதையில் எப்படித் திருப்புவது? சைடு ஸ்டாண்டைப் போட்டு, வண்டியை அதன் மேல் சாய்த்து, சக்கரங்கள் தரையை விட்டு எழும்பியதும் அப்படியே சுற்றிவிடலாம். இலேசான வண்டியில் மட்டும் நடக்கிற காரியம் இது.

உங்கள் உயரத்துக்கு வருவோம். எக்ஸ்பல்ஸ் சீட் 825 மில்லிமீட்டர், கேஎல்எக்ஸ் 880, எக்ஸ்பல்ஸின் உயரமான ப்ரோ வகை 891. சமதரையில் கால் எட்டுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் சரிந்த பாதையில் பள்ளத்துப் பக்கம் தரை ஒரு சாண் கீழே போய்விடும், அந்தக் கால்தான் உங்களுக்கு வேண்டிய கால். 5 அடி 5க்கு 825ஏ விளிம்பில்தான் இருக்கும், ஆனால் பழகிவிடும். 880க்கு மேல், அனுபவம் வந்த பிறகு போகலாம். 139 கிலோ என்கிற சந்தோஷத்தில் கேஎல்எக்ஸை உடனே புக் செய்யத் தோன்றும். உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதன் பெட்ரோல் டேங்க் 7.6 லிட்டர் மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

"450" என்ற எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். டக்கார் ரேலி என்ற பாலைவனப் பந்தயத்தில் 2011இலிருந்து பைக்குகளுக்கு 450 சிசிதான் உச்ச வரம்பு. அதைக் காட்டி, 450 என்றால் ஆஃப் ரோடுக்கே பிறந்தது என்று பேசுகிறவர்கள் உண்டு. மோட்டோகிராஸ் என்ற மண் பாதைப் பந்தயத்தில் ஓட்டும் 450 சிசி வண்டி 110 கிலோ அளவில்தான் இருக்கும். ரோட்டு 450 அதைவிட 80 கிலோவுக்கு மேல் கனம். சிசி ஒன்றுதான், வண்டி வேறு.

200 எடுத்துவிட்டு இழுப்பு போதவில்லை என்று தோன்றினால், இன்ஜினில் கை வைக்காதீர்கள். செயின் ஓடுகிற முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறையுங்கள். 13ஐ 12 ஆக்கினால் சக்கரத்தில் இழுப்பு எட்டு சதவீதம் கூடும். உச்ச வேகம் குறையும், ஆனால் இந்த மலையில் அந்த வேகத்துக்கு இடம் ஏது? அடுத்த செலவு டயர். கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த நாபி டயர் போட்ட 200, ரோட்டு டயரில் இருக்கும் 450ஐச் செம்மண்ணில் தாண்டிப் போய்விடும். அதற்கப்புறம் இன்ஜினுக்கு அடியில் அதைக் காக்கும் பாஷ் பிளேட், கைக்கு ஹேண்ட் கார்டு.

எங்கே ஓட்டலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரிசர்வ் காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி நுழைந்தால் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டமும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பாயும். சோலைக்குள்ளும் புல்வெளியிலும் டயர் போட்ட தடம் மழையில் ஓடையாக அரித்துவிடும், எனக்கு அதைப் பார்க்கவே மனது பொறுக்காது. எஸ்டேட் பாதை தனியார் இடம். கேட்டில் வாட்ச்மேனிடமோ மேனேஜரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். சைலன்சரை மாற்றாமல், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் மெதுவாகப் போகிறவருக்குப் பெரும்பாலும் இல்லை என்று சொல்வதில்லை.

பழைய வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள், எப்படியும் விழத்தான் போகிறது. மலையில் ஓடிய வண்டியில் முதலில் போவது கிளட்ச் பிளேட். ஒரு நல்ல ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மெதுவாகப் போய், சட்டென்று ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து பாருங்கள். வேகம் ஏறாமல் சத்தமும் ஆர்பிஎம்மும் மட்டும் ஏறினால் பிளேட் தேய்ந்திருக்கிறது, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஃபோர்க் ஆயில் சீல் ஒழுகுகிறதா, ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் தட்டுகிறதா, ஸ்போக்ஸ் எதுவும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டினால் ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட் போயிருக்கிறது. அதை மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சேஸியில் வெல்டிங் வைத்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.