சரளி வரிசையில் தடுமாறும் நாலு பேர்

அன்புள்ள ஐயா,

அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் இசை ஆசிரியையாக இருக்கிறேன். ஆண்டு விழாவுக்கு வழக்கமாக ஒரு சினிமாப் பாட்டை வாசிப்போம். இந்த முறை நானே மெட்டுப் போட ஆசை. வயலின் ஆறு, புல்லாங்குழல் மூன்று, கீபோர்டு இரண்டு, மிருதங்கம் ஒன்று, பாடுபவர்கள் பதினொன்று. வயலினில் இருவர், நன்கு தேறியவர்கள் வாசிக்கும் வர்ணம் வரை வந்துவிட்டார்கள். மற்ற நால்வர் ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலேயே தடுமாறுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக எழுதினால் அந்த இருவருக்கும் அலுத்துப்போகிறது. என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

பொதுவாக எழுதவே வேண்டாம். ஆளுக்குத் தக்கபடி எழுதுங்கள்.

இங்கிலாந்தின் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1958-இல் நோவாவின் பெருவெள்ளக் கதையைப் பிள்ளைகளுக்காக இசை நாடகமாக்கினார். சஃபோக் வட்டாரத்தில் ஆர்ஃபோர்ட் என்ற ஊரின் தேவாலயத்தில் அரங்கேற்றம். அதில் பிள்ளைகளின் வயலினை மூன்று தரமாகப் பிரித்திருந்தார். முதல் பிரிவு ஓரளவு தேர்ந்தவர்களுக்கு. மூன்றாவது பிரிவினர் பெரும்பகுதி விரலே வைக்காமல் வெறும் தந்தியில் வில் போட்டால் போதும். மழையின் முதல் துளிகளுக்கோ, கயிற்றில் தொங்கவிட்ட தேநீர்க் கோப்பைகளை மரக்கரண்டியால் தட்டச் சொன்னார். அந்த யோசனையைக் கொடுத்தவர் அவருடைய இசை உதவியாளர் இமோஜன் ஹோல்ஸ்ட். இமோஜனின் அப்பா, இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டும் லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியார்தான். தன் மாணவிகளுக்காகவே தந்தி வாத்தியங்களுக்கு ஒரு தொகுப்பு எழுதியவர்.

கோப்பை தட்டுகிற பிள்ளை தட்டாவிட்டால் மழை இல்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுவதற்குச் சொந்தக் காரணம் உண்டு. சின்ன வயதில் பிரார்த்தனைப் பாட்டுக்கு என்னை நிற்கவைத்துவிட்டு, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார்கள். இரண்டு வருடம் அசைத்தேன்.

சரி, உங்கள் நால்வருக்கு வருவோம். நம் வயலினில் வெறும் தந்திகளே ஸ, ப, ஸ, ப. மோகன ராகத்தில் எழுதினால் இரண்டுமே ராகத்துக்குள் இருக்கின்றன. தவிர, மோகனத்தில் ஒட்டி உரசும் ஸ்வரங்கள் கிடையாது. நாலு பேர் நாலு ஸ்வரத்தில் நின்றாலும் காது கூசாது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களில் முதலாவதான சமத்துக்கு ஸ, ஐந்தாம் அட்சரத்துக்கு ப. நீண்ட வில். அவ்வளவுதான் அவர்கள் வேலை. அதன்மேல் வர்ணக்காரர்கள் இருவரும் இரண்டாம் காலத்தில், இரட்டை வேகத்தில் ஓடட்டும். ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றில், அவர்களை நிறுத்திவிட்டு, நால்வரின் ஸ-ப மட்டும் கேட்கும்படி விடுங்கள். கீபோர்டும் மோகனத்தை, ஸ்வரங்களை அசைக்கும் கமகமில்லாமல் ஓரளவு தாங்கும். கமகமே உயிரான தோடி ராகம் என்றால் பரிதாபம்.

சுருதியை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். மூன்று குழல்களும் ஒரே கட்டைதானா, அதாவது ஒரே சுருதி உயரம்தானா என்று பாருங்கள். குழலை மாற்ற முடியாது. வயலினில் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருப்பலாம், கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. ஆனால் பாடுகிற பிள்ளைகளுக்கு அந்தக் கட்டை எட்டுகிறதா என்று பாடவைத்துப் பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் இருந்தால் விழா வருவதற்குள் குரல் உடைந்துவிடலாம், அவர்களை நம்பி மேல் ஸ்தாயியில் எதையும் வைக்காதீர்கள்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழுதி முடித்ததும் 23 பெயரையும் ஒரு தாளில் எழுதி, யார் வராவிட்டால் எந்த இடம் ஓட்டையாகும் என்று எதிரே குறியுங்கள். எதிரே ஒன்றும் இல்லாத பெயர் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம். வேறு வழியில்லை என்றால் கேன்டீனில் நாலு டம்ளர் வாங்கிக்கொள்ளுங்கள்.